என்னைக் கேட்டு வந்த கம்பெனி

நான் ஐடிஐயில் ஃபிட்டர் படித்துக்கொண்டிருந்தபோது, சென்னைப் பக்கத்துக் கம்பெனி ஒன்று எங்கள் நிலையத்தோடு ஒப்பந்தம் போட்டது. படிப்பு முடித்தவர்களை அவர்களே அழைத்துப்போய், உதவித்தொகை கொடுத்து, மெஷினில் பழக்குவார்கள். பிறகு நிரந்தர வேலை என்று நாங்களாகவே நினைத்துக்கொண்டோம். யாரும் அப்படிச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை.

பையன்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். பெண்களுக்கு அப்பாவின் சம்மதம் வேண்டும். எங்கள் ஊர் குரும்பகரத்தில் அப்பா, "வயசுப் பொண்ண முன்னப்பின்ன தெரியாத ஊருக்கு எப்படி அனுப்புறது?" என்று ஒரே பிடியாக நின்றார். எனக்கு அந்த வேலை வேண்டும். அது இல்லாவிட்டால் வீட்டில் அடுத்த பேச்சு கல்யாணம்தான். நிலையத்தில் போய் அழுதேன். நிலையத்தார் கம்பெனியின் அதிகாரி அம்மா ஒருவரையே வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள்.

ஒரு பெண்ணைக் கேட்டு ஆள் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதில் எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது ஒரே முறைதான். அப்பா பெரியப்பாவை வரச்சொன்னார். அம்மா கேசரி கிளறி, பஜ்ஜி போட்டாள். நான் புடவை கட்டிக்கொண்டு காபித் தட்டோடு வந்தேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

"எங்க பொண்ண நல்லா வச்சுக்குவீங்களா?" என்று பெரியப்பா கேட்டார்.

"ஹாஸ்டல் இருக்கு, கேன்டீன் இருக்கு, பஸ் இருக்குங்க. இனிமே எங்க பொறுப்புங்க ஐயா" என்றார் அந்த அம்மா.

பொறுப்பு என்ற சொல்லில் அப்பா இளகிவிட்டார். கையெழுத்துப் போட்டார். எவ்வளவு காலத்துக்கு என்று யாரும் கேட்கவில்லை. பெண் கேட்டு வந்தவர்களிடம் அதைக் கேட்கிற வழக்கம் இல்லை.

அங்கே பம்ப் பாகங்களைப் பொருத்தும் வரிசையில் நின்றேன். கால் கடுத்தது, வேலை பிடித்தது. நான் பொருத்தியது பழுதென்று திரும்பி வந்ததே இல்லை. சூப்பர்வைசர் அதை எல்லோர் முன்னாலும் சொல்வார். அப்போதெல்லாம் எனக்குத் தலைகால் புரியாது. வருஷம் முடிந்ததும் சான்றிதழும் ஒரு டிபன் பாக்ஸும் கொடுத்து, பயிற்சி நிறைவடைந்தது என்று எங்கள் பேட்ச் முழுவதையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

தெருவில், "என்ன, வந்துட்டியா?" என்று விசாரித்தவர்களின் குரலே சரியில்லை. திட்டம் அப்படித்தான் என்று அப்பாவுக்கு எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் ஏறவில்லை. மறுநாள் சலவை வேட்டி கட்டிக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

கம்பெனி வாசலில் வெகுநேரம் உட்காரவைத்த பிறகு அந்த அம்மா வெளியே வந்தார். அப்பா எழுந்து கும்பிட்டார்.

"எங்க பொண்ணுகிட்ட என்னம்மா குறை கண்டீங்க?"

"ஐயையோ, அப்படியெல்லாம் இல்லீங்க ஐயா. நல்லா வேலை பார்க்கிற பொண்ணுங்க. பயிற்சி முடிஞ்சிடுச்சு, அடுத்த பேட்ச் வருது. அவ்வளவுதாங்க."

"நல்ல பொண்ணுன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் ஏன் திருப்பி அனுப்புனீங்க?"

எனக்கு உடம்பு கூசியது. இதற்குப் போய் இவர் நியாயம் கேட்க வந்துவிட்டாரே என்றிருந்தது. அந்த அம்மா அப்பாவை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். படித்த பெண், விஷயம் தெரிந்தவள், அப்பாவுக்கு எடுத்துச் சொல்லி அழைத்துப் போய்விடுவாள் என்று எதிர்பார்த்திருப்பார். நான் அப்பாவின் பக்கத்திலேயே நின்றேன். அவர் கேட்டதற்குப் பதில் எனக்கும் வேண்டியிருந்தது.