என் பாலில் கலந்த டீ

என் மகன் பிறந்து ஆறு வாரம் ஆகியும் பகலில்கூடச் சேர்ந்தாற்போல் ஒரு மணி நேரம் தூங்கவில்லை. கண்ணை அகல விழித்து, கை காலை உதறிக்கொண்டே கிடப்பான். "காத்து கருப்பு பட்ருக்கும்டி" என்று மாமியார் வேப்பிலை அடித்துவிட்டார். எனக்கும் பயம் ஒட்டிக்கொண்டது. அவன் என்னைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் நிற்கும் யாரையோ பார்ப்பதுபோல் இருக்கும்.

அசதி தெரியாமல் இருக்க நான் டீ குடித்துக்கொண்டே இருந்தேன். நடுவில் காபி, தலை வலித்தால் கோலா.

ஒரு மதியம் அழுகை தாங்க முடியாமல் அவன் தொடையில் கிள்ளிவிட்டேன். மூச்சடங்கிப்போய், பிறகு வீறிட்டான்.

மறுநாள் பாகூர் சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போடும்போது நர்ஸ் அந்தத் தடத்தைப் பார்த்தார். பொய் சொல்ல வாய் வராமல், கிள்ளியதையும் அவன் தூங்காததையும் நான் டீயிலேயே பொழுதை ஓட்டுவதையும் சொல்லி அழுதேன்.

"ஒரு நாளைக்கு எத்தினி டீ குடிக்கிற?" என்றார்.

"ஏழு எட்டு இருக்கும்க்கா. காபி வேற."

"அதுல இருக்கற காஃபின் பால் வழியா புள்ளைக்கும் போவுது. அவன் உடம்புல இருந்து லேசுல வெளியேறாது. கோலா, சாக்லேட்லகூட இருக்குது. கொறச்சுப் பாரு. அப்பவும் தூங்கலன்னா டாக்டர்கிட்ட காட்டு."

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, காலையில் ஒரு டீயோடு நிறுத்திக்கொண்டேன். தலை விண்விண்ணென்று தெறித்தது. பத்தாம் நாள் அவன் மூன்று மணி நேரம் தூங்கினான். பயந்துபோய் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தேன்.

இப்போது எதை வாங்கினாலும் லேபிளைப் படிக்கிறேன். கோபம் வந்தால் அவனைப் பாயில் கிடத்திவிட்டு வாசலுக்குப் போய் நிற்கிறேன். தடம் இரண்டே நாளில் மறைந்துவிட்டது. ஆனாலும் அவனைக் குளிப்பாட்டும்போதெல்லாம் என் கண் முதலில் அந்த இடத்துக்குத்தான் போகிறது.