சாமிக்கு முந்தி உடைத்த உருண்டை

எனக்கு மலை என்றாலே ஆகாது. எங்கள் மண்ணூரில் ஏரிக்கரைதான் உயரம். அதில் ஏறினாலே நான் உட்கார்ந்துவிடுவேன். அப்படிப்பட்டவள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபதுகளில் ஒருமுறை பர்வதமலை ஏறினேன் என்றால், அது என் நாத்தனாருக்காக.

கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் அவள் வயிற்றில் ஒரு புழு பூச்சி இல்லை. "தை வரைக்கும் பாப்போம். இல்லாங்காட்டி வேற பொண்ணு கட்டிக்கினு வந்துடுவோம்" என்று அவள் மாமியார் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். பாவி! பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் மலையேறிப் படையல் போடுவதாக நாத்தனார் வேண்டிக்கொண்டாள். துணைக்கு நான்.

படையலுக்குப் பொரிவிளங்காய் உருண்டை. அரிசியும் பச்சைப்பயறும் வறுத்து அரைத்து, பொட்டுக்கடலை, தேங்காய்ப் பல், சுக்கு சேர்த்து, வெல்லப்பாகில் பிடிப்பது. மலையேறுகிறவர்களுக்கு அதைவிடத் தெம்பான தீனி கிடையாது. ஆனால் சாமிக்குச் செய்வதை ருசி பார்க்கலாமா? வாசனைகூடப் பிடிக்கக் கூடாதென்று இருவரும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு உருட்டினோம். பாகு முற்றிப்போனது யாருக்குத் தெரியும்?

ஊர்க்கூட்டத்தோடுதான் கிளம்பினோம். படிகள் முடிந்து செங்குத்துப் பாறை தொடங்கியதும் அவர்கள் முன்னே போய்விட்டார்கள். பாறையில் அடித்த கடப்பாறைகளில் காலை வைத்து, சங்கிலியைப் பிடித்து ஏற வேண்டும். தெரியாத்தனமாகக் கீழே பார்த்துவிட்டேன். வாய்க்கு வந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு, எப்படியோ மேலே ஒரு திட்டில் போய் விழுந்தேன்.

எனக்கு முன்னால் ஏறியிருந்த நாத்தனார் அங்கே பாறையில் சாய்ந்திருந்தாள். உதடு வெளுத்து, கண் செருகிக்கொண்டிருந்தது. தொட்டால் உடம்பு சில்லென்று இருந்தது. ஓரடி தள்ளி அதல பாதாளம்.

"அடியே, இன்னாடி ஆச்சு? கண்ணத் தொற!"

கத்தினேன். மேலே போனவர்கள் காதில் விழவில்லை. ஐயோ, இவளைப் பிணமாகவா கொண்டுபோய்ப் போடுவேன்? முதுகில் கட்டியிருந்த படையல் மூட்டையைப் பிரித்து ஓர் உருண்டையை அவள் வாயில் வைத்தேன். பல் இறங்கவில்லை. நான் கடித்தேன், எனக்கும் இறங்கவில்லை. கருங்கல்! ஒரு கல்லைத் தூக்கி, சாமி கண்ணைக் குத்தினாலும் குத்தட்டும் என்று அதன்மேல் போட்டேன். தூளை நான் குடிக்கக் கொண்டுவந்த செம்புத் தண்ணீரில் கரைத்து உதட்டில் வைத்தபோது அவள் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"வாணாம் அண்ணி. சாமிக்கு வெக்கல."

"சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். துன்னுடி!"

"வேண்டுதல் கெட்டா கொழந்த பொறக்காது."

"நீ செத்தா மட்டும் பொறக்குமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் முகத்தைப் பிடித்துத் திருப்பினேன். பல்லைக் கிட்டித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். நான் அதுவரை மலைக்குப் பயந்தேன், சாமிக்குப் பயந்தேன். அவள் பயந்தது இந்த இரண்டுக்குமே இல்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

"பொறக்கலேன்னாலும் என்னை அந்த மாமியா வூட்டுக்குத் திருப்பி அனுப்ப மாட்டியே அண்ணி?"

"மாட்டேன்டி. என் வூட்லயே இருந்துக்கோ."

அவள் வாயைத் திறந்தாள்.