ஈனாக் ஆக்டனின் வால்வு

என் வீட்டுக்காரர் ஈனாக் ஆக்டனுக்குப் பஞ்சாலை இன்ஜின்களைப் பழுது பார்ப்பது பிழைப்பு, கண்டுபிடிப்பது கிறுக்கு. உருளைக்கிழங்குத் தோல் சீவ எனக்கு ஓர் இயந்திரம் செய்து தந்தார். தோலோடு பாதிக் கிழங்கும் போனது.

"உருப்படியா ஒண்ணு செய்யுங்களேன்" என்பேன்.

"அடுத்தது பாரு ஹெப்சி."

அடுத்தது கொதிகலன் வால்வு. உள்ளே ஆவி மிஞ்சினால் தானாகத் திறந்து வெளியே விட வேண்டும். பழைய வால்வுகள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும், இவருடையது ஒட்டாது. நீண்ட நெம்புகோல், வால்வை அழுத்திப் பிடிக்க நுனியில் ஓர் இரும்புக் குண்டு, அவ்வளவுதான். முதல் தடவை அது சீறிக்கொண்டு திறந்தபோது மனிதர் அழுதே விட்டார். எங்கள் ஊர் ஓல்டாமில் பல ஆலைகள் அதை மாட்டின. எங்கள் மகள் கெசையா நெய்த ஆலையும் மாட்டியது.

ஆலைப் பெண்கள் சாப்பாட்டுத் தூக்குகளைக் கொதிகலன் அறையில்தான் சுட வைப்பார்கள். அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு இன்ஜினை நிறுத்தினார்கள்; ஆவி செலவாகாமல் கொதிகலனுக்குள்ளேயே ஏறியது. பெண்கள் தூக்கு எடுக்கப் போனார்கள். கொதிகலன் வெடித்தது. செத்தவர்களில் கெசையாவும் ஒருத்தி.

எனக்கு அழுகை வரவில்லை. அடுப்பைத் துடைத்தேன். துடைத்ததையே மறுபடி துடைத்தேன்.

ஈனாக் இடிபாட்டைக் கிளறி, நெம்புகோலைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து அடுக்களை மேசையில் போட்டார். அதில் தூக்குகளின் கைப்பிடிக் கம்பிகள் வளைந்து இறுகிக் கிடந்தன. ஒன்றில் கெசையா அடையாளத்துக்குக் கட்டிய நீலத் துணி.

"எடம் பத்தலன்னு புள்ளைங்க தூக்கை இதுல மாட்டியிருக்குதுங்க. இவ்ளோ பாரம் தொங்கினா எப்படித் தெறக்கும்?"

"அப்போ உங்க வால்வு மேல தப்பில்ல."

"இல்ல." ரம்பத்தை எடுத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாக அறுக்க ஆரம்பித்தார். "புள்ளைங்களே தேடிக்கிட்ட சாவுன்னு ஊரு பேசும். பெத்தவங்க காதுல அது விழணுமா?"

மறுநாள், எங்கள் ஊர் வழக்கப்படி, மதுக்கடை மாடியில் சாவு விசாரணை. "வால்வு ஒட்டிக்கிச்சுங்க. செஞ்சது நான்தான்" என்றார். வெளியே டார்கஸ் கிளெக், மூத்த மகளைப் பறிகொடுத்தவள், அவர் கோட்டில் துப்பினாள். "சொந்தப் பொண்ணையே கொன்னுட்டியேய்யா." அவர் தொப்பியைக் கழற்றி, "ஆமாம்மா" என்றார். எனக்கு அவரை அறைய வேண்டும் போல இருந்தது.

எல்லா ஆலைகளும் அவர் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டுத் துருப்பிடிக்கிற பழையதையே மாட்டின; அதிலும் நெம்புகோல் உண்டு. அவர் ஆலை ஆலையாகப் போய், "நெம்புகோல்ல எதையும் தொங்கவிடாதீங்கப்பா" என்று கெஞ்சினார். "உன் வால்வுதான் போயிடுச்சே, இனி எங்களுக்கென்ன பயம்?" என்று சிரித்தார்கள். காரணம் சொன்னால் செத்த பிள்ளைகள் மேல் பழி வரும் என்று, ஏன் என்று கேட்டவனிடம் "சொன்னா கேளுப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஆலைக்கு நடந்தார்.

டார்கஸின் இளைய மகள் நான்ஸியும் அப்படி ஓர் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தாள். அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. டார்கஸ் வீட்டுக்குப் போய் கம்பிகள், நீலத் துணி, ரம்பம் எல்லாவற்றையும் சொன்னேன்.

டார்கஸ் கடைசிவரை கேட்டாள். பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு, "புருசனக் காப்பாத்த செத்த புள்ளைங்க மேல பழி போடுறியா ஹெப்சி? உன் மகளும் அதுல ஒருத்திதானே" என்றாள்.

மறுநாள் காலை நான்ஸி தூக்கோடு எங்கள் வீட்டைத் தாண்டிப் போனாள். ஈனாக் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.