சுங்குவார்சத்திரத்தில் யாருக்குக் காய்ச்சல்?

சுங்குவார்சத்திரத்துக்காரர்கள் எல்லோரும் நிரந்தர நோயாளிகள் என்று முதலில் நான் மனதார நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது? பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே பேக்கரி போட்ட புதிதில், வந்தவர்கள் அத்தனை பேரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டே வந்தார்கள். "ஒரு ரொட்டி குடுங்க, பையனுக்கு ஜுரம்." "ரொட்டி கீதா? மாமியாருக்கு ஒண்ணுமே எறங்கல." நானும் பாணைத் தாளில் சுற்றிக் கொடுக்கும்போது ஆறுதலாக இரண்டு வார்த்தை சேர்த்துக் கொடுத்தேன். வீட்டுக்குப் போய் மனைவி ராசம்மாவிடம், "இந்த ஊர்த் தண்ணியில என்னமோ இருக்கு புள்ள" என்றேன். அன்றிலிருந்து அவள் குளிக்கிற தண்ணீரைக்கூடக் கொதிக்க வைத்தாள். ஊரே படுத்துக் கிடக்கும்போது நாம் மட்டும் குத்துக்கல் மாதிரி நடமாடினால் கண் பட்டுவிடுமே என்று, நான் கடையில் உட்கார்ந்து அவ்வப்போது இருமவும் செய்தேன்.

இலங்கையில், அட்டனிலிருந்து இதைப் படிப்பவர்கள் சிரிக்க வேண்டாம். நமக்குப் பாண் என்றால் காலைச் சாப்பாடு. இங்கே அதற்கு ரொட்டி என்று பெயர். பிரெட் என்றும் சொல்வார்கள். ஆனால் அது சாப்பாடு அல்ல, மருந்து. டாக்டர் ஊசி போட்டுவிட்டு "பாலும் ரொட்டியும் மட்டும்" என்று சொன்னால் மட்டுமே அதைத் தொடுவார்கள். ஜுரம் விட்ட மறுநாள், மிச்சமிருக்கும் துண்டுகளைக் கோழிக்குப் போட்டுவிட்டு, ஜெயிலிலிருந்து வெளியே வந்தவர்கள் போல இட்லிக்குத் திரும்பிவிடுவார்கள். என் வியாபாரம் மழை பெய்தால் ஏறியது, வெயில் அடித்தால் இறங்கியது. அந்த நாட்களில் எங்கள் வீட்டுக் குலதெய்வம் கொசு.

அட்டன் கடைவீதியில் நான் போறணை அடுப்பில் பாண் சுடப் பழகிய பேக்கரி ஞாபகத்துக்கு வரும். முதலாளி சிங்களவர். விடிவதற்குள் பாண் பெட்டி கட்டிய சைக்கிள்கள் தேயிலைத் தோட்டங்களுக்குக் கிளம்பிவிடும். கூலி வீடுகளான லயத்து வாசலில் சூடான பாணைப் பிய்த்து, தேங்காய்ச் சம்பலில் தொட்டு, வாயில் போட்டுக்கொண்டே ஆட்கள் மலைக்கு ஏறுவார்கள். இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி எங்களை இந்தியாவுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று தெரிந்ததும் முதலாளி கேட்டார், "உங்கட இந்தியாவிலே பாண் தின்னுவாங்களா?" நான் நெஞ்சை நிமிர்த்தி, "மனிசன் இருக்கிற எடத்துல பாண் இருக்கும் முதலாளி" என்றேன். உங்கட இந்தியா. நானோ என் அப்பாவோ கண்ணால் பார்த்திராத இந்தியா. அங்கே இருந்தவரைக்கும் "எப்போ உங்க நாட்டுக்குப் போறே?" என்று கேட்டார்கள். கப்பல் ஏறி இங்கே வந்து இறங்கினால், "எப்போ உங்க நாட்லேர்ந்து வந்தே?" என்கிறார்கள். நடுவில் இருந்த அந்தக் கடலில் மட்டும்தான் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அங்கே எல்லோரும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தோம்.

காய்ச்சல் இல்லாமல் இந்த ஊரில் பாண் தின்ற முதல் மனிதர் ஏகாம்பரம் அண்ணன், என் கடை இருக்கும் கட்டடத்தின் சொந்தக்காரர். வாடகை வாங்க வந்தவருக்கு ராசம்மா சம்பல் வைத்த பாண் துண்டைக் கொடுத்தாள். தின்றார். இன்னொன்று கேட்டார். அடுத்த நாள் வந்து, கதவுக்குப் பின்னால் நின்று தின்றார். ஏன் என்று கேட்டதற்கு, "பாத்தா இன்னா நெனைப்பாங்க?" என்றார். நினைத்துவிட்டார்கள். யாரோ பார்த்து, ஏகாம்பரம் தினம் ரொட்டி தின்கிறார் என்று செய்தி போய், பிள்ளைப்பாக்கத்திலிருந்து அவருடைய மச்சான் இளநீரும் சாத்துக்குடியுமாக வந்து இறங்கினார். வந்தவர் கண்கலங்க, "எத்தினி நாளா மாமா இப்படி? எங்ககிட்ட மறைக்கலாமா?" என்று கேட்டார். அந்த இளநீரை நாங்கள் மூவருமாகக் குடித்தோம். மச்சானும் போகும்போது நான்கு பன்னு வாங்கிக்கொண்டு போனார், தாளுக்கு மேல் துண்டைப் போட்டு மூடியபடி.

பிறகு நெடுஞ்சாலையோர ஆலையில் இராத்திரி ஷிப்ட் முடித்து வரும் பையன்கள் சம்பல் பன்னைக் கண்டுபிடித்தார்கள். விடிகாலையில் வேறு கடை திறந்திருக்காது. பஸ் வருவதற்குள் ஒரு கையால் தின்றுவிடலாம். ஓவர்டைம் பார்த்துவிட்டு வருகிறவனுக்குக் காய்ச்சலா இல்லையா என்று யோசிக்க ஏது நேரம்? ஒரே வருடத்தில் கடைக்குப் பலகை மாட்டுகிற அளவுக்கு வந்துவிட்டேன். பெரிய சிவப்பு எழுத்தில் 'சிலோன் பேக்கரி'. சிலோன் என்றால் அப்போது இங்கே ஒரு மவுசு. சோப்பு, டார்ச்லைட், ரேடியோப் பாட்டு எல்லாவற்றிலும் சிலோன் உசத்தி. அந்த மவுசில் கொஞ்சம் நானும் திருடிக்கொண்டேன்.

அப்புறம் இந்த வருடத்து மே மாதம். எங்கள் கடையிலிருந்து சில மைல் தூரத்தில், ஸ்ரீபெரும்புதூரில் நடந்த குண்டுவெடிப்பு உங்களுக்கெல்லாம் தெரியும். அதை வைத்து வேடிக்கை பேச எனக்கு நாக்கு வராது. நான் பேசப்போவது என் தொடைநடுக்கத்தைப் பற்றி மட்டும்.

மறுநாள் கடைகள் அடைத்துக் கிடந்தன. சாலையில் ஈ காக்கை இல்லை. சிலோன் ஆட்கள்தான் செய்தார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. நான் என் பலகையைப் பார்த்தேன். அதுவரை அழகாக இருந்த அந்தச் சிவப்பு எழுத்து, 'இங்கே இருக்கிறான், வந்து பிடியுங்கள்' என்று கூப்பாடு போடுவது போல இருந்தது. சுண்ணாம்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு, முக்காலி மேல் ஏறி 'சிலோன்' மேல் மட்டும் பூசினேன். காய்ந்ததும் கீழே நின்று பார்த்தால், பளீரென்ற வெள்ளைச் சதுரத்துக்குள் சிவப்பு எழுத்து இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. முன்பு பஸ்ஸில் போகிறவன் பத்தில் ஒருவன் படித்திருப்பான். இப்போது படிக்காதவனும் திரும்பிப் பார்ப்பான்.

"கெளம்பு, கோத்தகிரிக்கு ஒங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவம்" என்றேன் ராசம்மாவிடம். அவள் தொட்டியைக் காட்டினாள். "மாவு பொங்கிருச்சு. அத யாரு சுடுவா? ஒங்க கோத்தகிரியா?" என்றாள். எங்களிடம் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது. அரசாங்கமே கொடுத்த குடும்ப அட்டை இருந்தது. இரண்டும் தகரப்பெட்டியில் பத்திரமாக இருந்தன. பெட்டியில் இருந்தது என் மூளையில் இல்லை. அதற்குப் பதில் நான் இந்த ஊர்க்காரன் மாதிரி பேசப் பழகத் தொடங்கினேன். போறணைக்கு முன்னால் நின்றுகொண்டு, "இன்னாபா, எங்க போய்கினு கீற?" என்று நெருப்பிடம் விசாரித்தேன். ராசம்மா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

சில நாள் கழித்து ஏட்டு வந்தார். கடைகடையாக, யார் யார் புதிதாக வந்திருக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டு வந்தார். என்னிடம் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"கடை யாருது?"

"நம்மள்துதான் சார்."

"எந்த ஊரு?"

"இன்னா சார் இப்டி கேட்டுட்டீங்க? நமக்கு இங்கதான், பிள்ளப்பாக்கம்."

"பிள்ளப்பாக்கத்துல எங்க?"

"ஏரிக்கரைப் பக்கம் சார். கோடி வூடு."

ஏட்டு பேனாவை மூடினார். "ஏரிக்கரைல கோடி வூடு என் மாமியார் வூடுய்யா."

நான் பிழைக்க அந்த நேரத்தில் ஒரே வழிதான் இருந்தது: அவருடைய சொந்த மைத்துனன் என்று சாதிப்பது. அதையும் யோசித்தேன் என்பதை வெட்கத்தோடு சொல்கிறேன். அதற்குள் அவர் அண்ணாந்து பலகையைப் பார்த்துவிட்டார். "அது இன்னாது, சுண்ணாம்பு?" என்றார். எனக்கு உள்ளூர்ப் பேச்சும் வரவில்லை, என் பேச்சும் வரவில்லை. "நட" என்றார்.

காவல் நிலையத்து பெஞ்சில் என்னை உட்கார வைத்தார்கள். அதட்டவில்லை, தொடவும் இல்லை. பயப்படுவதற்கு எனக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. அட்டனில் ஒரு முறை, கலவரத்தில் தமிழர் கடைகள் எரிந்த காலத்தில், இதே மாதிரி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அங்கே என்னை விட்டபோது, "இந்தியாவுக்கு ஓடிரு" என்று சொல்லி விட்டார்கள். இங்கிருந்து ஓடச் சொன்னால் எங்கே ஓடுவது? போறணையை இன்னொரு முறை எந்த ஊரில் கட்டுவது? அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரு வேடிக்கையும் தோன்றவில்லை.

அப்போதுதான் ஏகாம்பரம் அண்ணன் குரல் கேட்டது. எது வெளியே வரக்கூடாது என்று சுண்ணாம்பு பூசினேனோ, அதை அவர் வாசலில் இருந்தே கத்திக்கொண்டு வந்தார்.

"சார், இந்தாளு பிள்ளப்பாக்கம்னு எவன் சார் சொன்னான்? இவன் சுத்தமான சிலோனு. பேச்சு, தீனி, முழி, அல்லாமே சிலோனு. கவர்மெண்டே கப்பல்ல இட்டாந்த ஆளு. பேப்பரு பொட்டில கீது சார்."

"இவரே சொன்னாருய்யா பிள்ளப்பாக்கம்னு" என்றார் ஏட்டு.

அண்ணன் என்னைப் பார்த்தார். "அட பேமானி" என்றார், அன்பாக.

அவருக்குப் பின்னால் வடக்குப்பட்டு விறகு வண்டிக்காரர் கோதண்டம். அவருக்குப் பின்னால் எனக்குத் தினமும் தேங்காய் கொடுக்கும் ஞானம்மா. ஷிப்ட் பையன்கள் இரண்டு பேர், ஆலைச் சட்டையோடு. எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. என் மேல் இவ்வளவு பாசமா என்று உருகத் தொடங்கினேன். கோதண்டம் இன்ஸ்பெக்டர் மேசைக்கு முன் போய் நின்று, "சார், நாளைக்கு வெறகு எறக்கறதா வேணாமா? அத்த மட்டும் சொல்ட்டா மாட்ட அவுத்து வுட்டுட்டு போய்டுவேன்" என்றார். "உரிச்ச தேங்கா கெடக்குது சார், நான் யாராண்ட விக்கறது?" என்றாள் ஞானம்மா. பையன்களில் ஒருவன், "காலைல பசி தாங்காது சார்" என்றான். என் கண்ணீர் பாதியில் நின்றது.

வந்தேறியால் ஒரு நாட்டுக்கு என்ன லாபம் என்று பத்திரிகைகளில் பெரிய பெரிய கட்டுரை எழுதுகிறார்கள். நான் படித்தது அந்த பெஞ்சில். எட்டடி போறணை ஒன்றில் வடக்குப்பட்டு வண்டிமாடு கட்டியிருக்கிறது, ஞானம்மாவின் தென்னை காய்க்கிறது, ஒரு ஷிப்டின் பசி அடங்குகிறது, அண்ணனுக்கு வாடகை வருகிறது. கிழங்கைப் பிடுங்கினால் கொடியும் சேர்ந்து வரும். பாசமென்றால் மூன்றாம் நாள் மறந்துபோகும். விறகு இறக்க வேண்டியவன் மறக்கமாட்டான்.

ராசம்மா தகரப்பெட்டியைத் தலையில் சுமந்துகொண்டு வந்து சேர்ந்தாள். முழங்கை வரை மாவு. "எங்க பொறந்தேன்னு கேட்டாலே இந்த மனுசன் பதறுவாருங்க. நீங்க இந்தக் காகிதத்தப் பாருங்க" என்றாள். இன்ஸ்பெக்டர் பார்த்தார். பாஸ்போர்ட்டில் சிங்க முத்திரையைத் தடவிப் பார்த்தார். "எல்லாம் சரியாத்தானேய்யா இருக்கு? அப்ப ஏன் பொய் சொன்ன?"

"பயந்துட்டேங்க."

"எதுக்கு?"

பெயரை எழுதிக்கொண்டு, கூப்பிட்டால் வர வேண்டும் என்று சொல்லி, பொழுது சாய்வதற்குள் அனுப்பிவிட்டார்கள். எல்லோருக்கும் இப்படி முடியவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். என்னைப் போலக் கப்பலில் காகிதத்தோடு வராமல், படகில் உயிரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. அவர்களில் வாடகை வீடு இழந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்காக விறகு வண்டி எதுவும் போய் நிற்கவில்லை. போறணை கட்ட அவர்களுக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

ஜூலையில் பத்திரிகைகள் வேறு பாட்டுப் பாடின. வெளிநாட்டு முதலுக்குக் கதவைத் திறக்கப்போகிறார்களாம், இந்தச் சாலை நெடுகத் தொழிற்சாலைகள் வருமாம். ஏகாம்பரம் அண்ணன் அதைப் படித்துவிட்டு, "அப்ப நீ முன்னாடியே வந்துட்ட வெளிநாட்டு மொதலுதானே?" என்றார். "பணம் கொண்டு வரலியே அண்ணே" என்றேன். "அதான் உன்ன பெஞ்சில ஒக்கார வச்சாங்க. பணம் கொண்ணாந்தா சேர் போடுவாங்க" என்றார். போடட்டும். சேரில் உட்காருகிறவர்களுக்கும் காலையில் பசிக்கும்.

பலகையை மறுபடி எழுதிவிடு என்று அண்ணன் நச்சரித்தார். நான் நாளைக் கடத்தினேன். முழுதாக அழிக்கவும் மனம் வரவில்லை, முழுதாக எழுதவும் தைரியம் வரவில்லை. ஐப்பசி மழை வந்து அந்த வேலையை எடுத்துக்கொண்டது. சுண்ணாம்பு சுவரில் வெள்ளைக் கோடுகளாக வழிந்தது. அடைமழையில் ஒரு காலை, ஏட்டு சைக்கிளை நிறுத்திவிட்டுக் கடைக்குள் ஒதுங்கினார். அண்ணாந்து பார்த்தார். 'சிலோன்' முழுதாகத் தெரிந்தது. என் கண் சுண்ணாம்பு வாளியைத் தேடியது.

"ரெண்டு ரொட்டி குடு. சம்பல் வச்சு நாலு பன்னு" என்றார்.

வாய் பழக்கதோஷத்தில், "வீட்டுல யாருக்குங்க காய்ச்சல்?" என்று கேட்டேன்.

யாருக்கும் காய்ச்சல் இல்லை.