அக்கா தலையில் வைத்த சத்தியம்

அக்காவின் இடது காதுக்கு மேலே, நெல்லிக்காய் பதியும் அளவுக்கு ஒரு பள்ளம் இருந்தது. உடைந்த எலும்பை எடுத்துவிட்டதால் அங்கே தோல் மட்டும்தான் மூடியிருந்தது. குற்றாலம் ஐந்தருவிப் பாறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று அத்தான் சொன்னார். கூடப் போயிருந்த அவர்களுடைய சின்ன மகள், "அப்பாதான் தள்ளிவிட்டாரு" என்றாள். பிள்ளைப் பேச்சு என்று பெரியவர்கள் அவள் வாயை அடைத்துவிட்டார்கள். நான் பிள்ளை சொன்னதைத்தான் நம்பினேன். அன்று முதல் அந்த மனிதரை மன்னிக்கும் எண்ணம் எனக்கு வந்ததே இல்லை.

அது ஐம்பதுகளின் கடைசி. தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்த நான், அக்காவை அங்கேயே வைத்துப் பார்த்துக்கொண்டேன். பேச்சில்லை, அசைவில்லை, கண் எங்கேயோ நிலைகுத்தி நிற்கும். ஆனால் தலை சீவும்போது ஒன்றைக் கவனித்தேன். என் குரல் கேட்டால் அந்தப் பள்ளம் லேசாக மேலெழும். மகள் வந்து "அம்மா" என்றால் இன்னும் கொஞ்சம் எழும். அத்தானின் செருப்புச் சத்தம் வராந்தாவில் கேட்டாலோ, பொங்கும் பாலாக விம்மிப் புடைக்கும். லேடி டாக்டரை அழைத்துக் காட்டினேன். ஒன்றைக் கேட்டாலும் பார்த்தாலும் தொட்டாலும், மூளையில் அதற்கான இடத்து ரத்தக் குழாய்கள் விரிந்து ரத்தம் கூடுதலாகப் பாயும் என்றார். எல்லோருக்கும் நடப்பதுதானாம், மண்டையோடு மூடியிருப்பதால் நமக்குத் தெரிவதில்லை. இப்போது அதை ஸ்கேனில் படமாகவே எடுத்துவிடுகிறார்கள். "உங்க அக்காவுக்குக் காது கேக்குதும்மா. யாரு வாராங்கன்னும் தெரியுது" என்றார் டாக்டர். மருந்து அறைக்குள் போய் அழுதேன். அழுது முடித்தபோது கோபம்தான் மிச்சமிருந்தது.

அத்தான் வேறு பெண் பார்த்துவிட்டார். எங்களிடம் இருந்த பிள்ளையைக் கொண்டுபோகச் சொந்தக்காரர்களோடு வந்து நின்றார். "அவ கட்டையாக் கெடக்கா மாமா. புருசன் யாரு, பிள்ளை யாருன்னு அவளுக்கு என்ன தெரியும்?" என்று எங்கள் பெரிய மாமாவிடம் கேட்டார். மாமாவும் தலையாட்டிவிட்டார்.

"நீங்க தள்ளலன்னு அக்கா தலையில கை வச்சுச் சத்தியம் பண்ணுங்க அத்தான். பிள்ளைய நானே அனுப்பி வைக்கேன்" என்றேன்.

எங்கள் பக்கம் தலையில் அடித்துச் செய்த சத்தியத்துக்கு மேல் பேச்சில்லை. பொய்ச் சத்தியமானால் அந்தத் தலைக்குரியவரின் உயிர் போய்விடும் என்பார்கள். அத்தான் யோசிக்கவே இல்லை. போனால் அக்காவின் உயிர்தானே போகும்! அவள் தலையை நான் முன்பே பள்ளம் மேலே வரும்படி திருப்பி வைத்திருந்தேன்.

"வழுக்கித்தான் விழுந்தா. இவ மேல சத்தியம்" என்று உள்ளங்கையை அங்கே பதித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கைக்கடியில் தோல் புடைத்தெழுந்ததும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஐயோ, இவளுக்குத் தெரியுது! எல்லாம் தெரியுது!"

அதுவரை மாப்பிள்ளை என்றே அழைத்த பெரிய மாமா எழுந்து நின்றார். "என்னலே தெரியுது அவளுக்கு?"

அத்தான் வராந்தாவில் இறங்கி வேகமாக நடந்தார். பிள்ளை எங்களோடு இருந்துவிட்டாள். ஆனால் போலீசுக்குப் போக மாமா சம்மதிக்கவில்லை. குடும்ப மானமாம்! அத்தான் இன்னொரு கல்யாணமும் செய்துகொண்டு நன்றாகத்தான் இருந்தார்.

அக்கா இறந்துபோன சில வருடங்களில், அறுபதுகள் முடியும் தறுவாயில், அத்தானுக்குப் பக்கவாதம் வந்தது. எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். என் வார்டுதான். "இவருக்கு ஒண்ணும் தெரியாது சிஸ்டர். நாம பேசுதது எதுவும் காதுல ஏறாது" என்றாள் அவருடைய இரண்டாவது மனைவி. நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. மண்டையோடு முழுசாக இருந்தது. புடைத்துக் காட்ட அவருக்குப் பள்ளம் இல்லை. உள்ளே என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். வேளைக்கு மருந்து கொடுத்தேன், புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்தேன், வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. அந்தப் பெண் சாப்பிடப் போகும் நேரமாகப் பார்த்து, தினமும் அவர் காதருகே குனிந்தேன். "அத்தான், கேக்குதுல்லா? ஐந்தருவியில அன்னைக்கு என்ன நடந்துதுன்னு சொல்லுதேன், கேளுங்க" என்று தொடங்கி, ஒன்று விடாமல் சொன்னேன்.

ஒருநாள் அவர் கண்ணோரம் நீர் வழிந்தது. "தூசி விழுந்துருக்கு போல, தொடச்சு விடுங்க சிஸ்டர்" என்றாள் மனைவி.

நான் துடைக்கவில்லை.