ரயிலில் ஸ்பானிஷ் படித்தவள்

மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் போகும் காலை ரயிலில் அவள் எனக்கு எதிரே உட்காருவாள். எண்ணெய் வைத்து இறுக்கி வாரிய தலை. வாய் ஓயாமல் ஸ்பானிஷ் முணுமுணுப்பாள். அந்தப் பாஷைப் பரீட்சையில் தேறினால்தான் பெங்களூரில் அவளுக்கு வேலை நிலைக்கும்.

துண்டு போட்டு எங்களுக்கு இடம் பிடித்து வைக்கும் அண்ணன் ஒருநாள் கேட்டார், “இன்னாம்மா, இன்னிக்கு இன்னா பாடம்?”

“எலெஹீர்னா இருக்கறதுல ஒண்ணைப் பொறுக்கறது. தெசிதீர்னா முடிவு பண்றது. ரெண்டும் குழம்புதுண்ணா.”

“உன் புருஷன் உன்ன விட்டுட்டு இன்னொருத்தியப் புடிச்சானே, அது எதும்மா?”

பெட்டியே சிரித்தது. அவள் ஜன்னலைப் பார்த்து யோசித்தாள்.

“எலெஹீர். தேங்க்ஸ்ணா, இனிமே மறக்காது.”

பரீட்சையில் தேறியதும் முதல் லட்டை அவருக்குத்தான் கொடுத்தாள். பெங்களூர் வரும்வரை அவர் அதைத் தின்னாமல் கையிலேயே வைத்திருந்தார். அவள் லட்டு கொடுத்தது நன்றிக்குத்தானா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.