டாக்டர் பூட்டிய பெட்ரோல் மூடி

ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் அவரைத் தெருவே டாக்டர் என்றுதான் கூப்பிடும். ஸ்க்ரூடிரைவர் முனையை இன்ஜின்மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். நாடி பார்க்கிறாராம். "வண்டி பொய் சொல்லாது, ஓட்டுறவன்தான் சொல்லுவான்" என்பது வருகிறவர்களுக்கெல்லாம் அவர் இலவசமாகக் கொடுக்கும் மருந்து.

அவருடைய கிழட்டு வேனைத் தங்கையின் கணவருக்குக் கொடுத்திருந்தார். பெட்ரோலும் அவர் செலவில்தான். மாப்பிள்ளை விழாக்களுக்கு நாற்காலி வாடகைக்கு விடுகிறவர். அத்தனையையும் தலையிலா சுமப்பார்? கொடுத்த கை கொடுத்ததோடு சும்மா இருந்திருக்கலாம். பெட்ரோல் இவ்வளவு சீக்கிரம் தீருமா என்று அதற்கு அரிப்பெடுத்தது.

"டேங்க் மூடி லூசா இருக்கு மச்சான். வளைவுல சிந்துது" என்றார் மாப்பிள்ளை.

சிந்துகிறதாம். எந்தக் கேனில் என்று டாக்டர் உதட்டுக்குள் சிரித்துக்கொண்டார். பழைய சாமான் கடையில் வேறு ஏதோ வண்டியின் பூட்டு வைத்த மூடியை வாங்கி, ரப்பர் வளையம் வெட்டிப் போட்டு, காற்றுப் புகாமல் இறுக்கினார். சாவி அவர் இடுப்பில். "காலம் கெட்டுக் கிடக்கு மாப்ள. தெருவுல திருட்டு ஜாஸ்தி" என்றார். மாப்பிள்ளை அதை அப்படியே நம்பி, மச்சானுக்கு வண்டி மேல் என்ன அக்கறை என்று நாலு பேரிடம் சொல்லித் திரிந்தார்.

அதற்கப்புறம்தான் வேன் நடுவழியில் நிற்கத் தொடங்கியது. நன்றாக ஓடும், இருமும், உயிரை விடும். சாவியை எவ்வளவு திருகினாலும் மசியாது. கொஞ்ச நேரம் படுத்துக் கிடந்துவிட்டுத் தானாக எழும். ஒர்க்‌ஷாப்புக்குள் வந்தாலோ பரம சாது.

டாக்டர் தங்கையின் எதிரிலேயே தீர்ப்புச் சொன்னார். "வண்டிக்கு ஒன்னுமில்ல. உங்க கால்லதான் கோளாறு. கிளச்சை மிதிக்கச் சொன்னா மண்ணு மிதிக்கிறீங்க."

தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். மாப்பிள்ளை தன் கால்களைப் பார்த்துக்கொண்டார்.

இரண்டு விழாக்களுக்கு நாற்காலி தாமதமாகப் போனது. இன்னொரு தடவை இப்படியானால் வேறு ஆள் பார்த்துக்கொள்வேன் என்று விழா அரங்கின் மேனேஜர் சொல்லிவிட்டார். அந்த அரங்கை விட்டால் மாப்பிள்ளைக்குப் பிழைப்பே இல்லை. அதனால் அடுத்த விழாவுக்கு டாக்டரே ஸ்டியரிங்கைப் பிடித்தார். "பக்கத்துல உக்காந்து பாத்துக் கத்துக்கோங்க."

பாதி வழியில் வேன் இருமியது. உயிரை விட்டது.

மாப்பிள்ளை கிளச்சைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "இறங்கித் தள்ளட்டுமா மச்சான்?" என்று மட்டும் கேட்டார்.

டாக்டர் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். பொறி நீலமாகப் பளிச்சென்று வந்தது. கார்புரேட்டரைத் திறந்தார்; உள்ளே வறட்சி. டேங்க்கிலிருந்து வரும் குழாயைப் பிடுங்கினார், சொட்டுக்கூட வரவில்லை. ஓகோ, பூட்டையும் மீறிக் கறந்துவிட்டானா? இடுப்புச் சாவியை எடுத்து மூடியைத் திருகினார்.

புஸ்ஸென்று டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. அடியில் பாதி டேங்க் பெட்ரோல் தளதளவென்று ஆடியது.

டாக்டருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பெட்ரோல் வெளியே போக, காற்று உள்ளே வர வேண்டும். அதற்காகத்தான் பழைய மூடியில் ஓர் ஊசித்துளை இருந்தது. இந்த மூடியில் அது இல்லை. வண்டியின் கழுத்தை நெரித்தது அவர் கைதான்.

"என்ன மச்சான் சத்தம்?"

"ஒன்னுமில்ல. கார்புரேட்டர்ல தூசி" என்றார் டாக்டர். வண்டி பொய் சொல்லாது.

மூடியைக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, டேங்க் வாயில் ஒரு துணியைத் தளர்வாகச் செருகினார். வேன் ஓடியது. அரங்கிலோ வந்தவர்களெல்லாம் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார்கள்.

"நாளையிலேருந்து நீங்க வரவேண்டாம்" என்றார் மேனேஜர்.

"தப்பு என்னோடது சார். எனக்குத்தான் வண்டி ஓட்டத் தெரியல. மச்சான் இல்லன்னா இந்த நேரத்துக்குக்கூட வந்திருக்க மாட்டோம்" என்றார் மாப்பிள்ளை. வேஷமில்லை, நம்பித்தான் சொன்னார்.

பைக்குள் இருந்த மூடி டாக்டரின் தொடையில் இடித்தது. வெளியே எடுத்தார்.

"அவர் தப்பு இல்லங்க. இதை மாட்டினது நான். பெட்ரோலை இவர் எடுக்கிறார்னு நெனச்சுப் பூட்டினேன். இதாலதான் வண்டி நின்னுச்சு. மூணு தடவையும்."

மேனேஜர் மூடியைப் பார்த்தார், டாக்டரைப் பார்த்தார். "நீங்களா டாக்டர்?" என்றார். பிறகு மாப்பிள்ளையிடம், "சரி, நாற்காலிய இறக்குங்க. நாளைக்கும் வாங்க" என்றார்.

மாப்பிள்ளை இறக்கினார். டாக்டரும் கூடவே இறக்கினார். எதிரெதிரே வரும்போதெல்லாம் ஒருவருக்கொருவர் வழிவிட்டார்கள். கடைசி வரிசையைப் போட்டு முடித்ததும் டாக்டர் வேன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏறுங்க மாப்ள."

"நீங்க போங்க" என்றார் மாப்பிள்ளை. "நான் நடந்து வர்றேன்."

டாக்டர் சாவியைத் திருகினார். இந்தத் தடவையாவது கொஞ்சம் மக்கர் பண்ணியிருக்கலாம். மானங்கெட்ட வண்டி, தொட்டதும் கிளம்பிவிட்டது.